உங்கள் பிள்ளைக்கு எடை பார்ப்பது யார்?

(சித்தேரி மலைக்குச் சென்று திரும்பியபின், அரூரில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நம் இளைஞர்கள் சித்தேரி மலையில் ஒருநாள் மருத்துவ முகாம் நடத்தியதை அறிவீர்கள். வேன் வாடகையும் மருந்துச் செலவும் உங்கள் கடைவீதி கொடுத்தது. பேனர் கட்டினோம், போட்டோ எடுத்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் முழங்கால் வலிக்காரப் பெரியவர்கள். மாத்திரையும் சத்து டானிக்கும் கொடுத்தோம். நிறையப் பேரைப் பார்த்துவிட்டோம் என்ற திருப்தியோடு வேன் ஏறப் போனோம்.

அப்போது அங்கன்வாடிப் பணியாளரான ஒரு சகோதரி, ஓரம் மடங்கிப்போன ஒரு நோட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், மாதம் மாதம் எடை, உயரம். "பாய், நீங்க பாத்ததெல்லாம் நடந்து வந்தவங்கள. இந்த நோட்டுல இருக்கிற ரெண்டு புள்ளைங்க வரவே இல்ல. எடை மூணு மாசமா ஏறல. பாத்தா நல்லாத்தான் இருக்கும், அதனாலதான் தூக்கிட்டு வரல" என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "ஆமா, உங்க ஊர்ல உங்க புள்ளைங்களுக்கு யாரு எடை போடறாங்க?"

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

நீங்கள் வியாபாரிகள். கடையில் சரக்கு முழுவதும் தீர்ந்த பிறகா கணக்குப் பார்க்கிறீர்கள்? குறையத் தொடங்கும்போதே கண்டுபிடிக்கத்தானே பேரேடு வைத்திருக்கிறீர்கள்? பிள்ளையின் எடை அட்டையும் அப்படிப்பட்ட ஒரு பேரேடுதான். பிறந்தபோது மூன்று கிலோ இருந்த குழந்தை சுமார் ஐந்து மாதத்தில் ஆறு கிலோவும், ஒரு வயதில் ஒன்பது கிலோவும் வர வேண்டும். பிள்ளை மெலிந்துவிட்டது என்று பாட்டி சொல்வதற்கு வெகுநாள் முன்பே அட்டையில் கோடு படுத்துவிடும். 1950களில் நைஜீரியக் கிராமங்களில் பணியாற்றிய டேவிட் மோர்லி என்ற மருத்துவர் இந்த வளர்ச்சி அட்டையை உருவாக்கி, அதைத் தாயின் கையிலேயே கொடுத்தார். நம் தமிழகத்திலேயே 1980ல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரையிலான பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை ஏறாத பிள்ளையைப் பொறுக்கி எடுத்துச் சத்துணவு கொடுத்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக வாரி இறைப்பதைவிட, சறுக்குகிற பிள்ளையைத் தேடிப் பிடிப்பது என்பதே அதன் கணக்கு.

சித்தேரி என்றால் நம்மில் பலருக்குப் புளியும் கடுக்காயும்தான் நினைவுக்கு வரும். வெளியூர்க்காரர்களுக்கு அதன் அடிவாரத்து வாச்சாத்தியைத் தெரியும், 1992ல் அங்கே நடந்த கொடுமையால். மலைமேல் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். (கேரளத்துக்காரர்கள் என்று இன்றும் சில சகோதரர்கள் நினைக்கிறார்கள். அல்ல, மலையில் வாழ்வோர் என்பதால் வந்த பெயர்.) அரசநத்தம், கலசப்பாடி போன்ற சிற்றூர்களிலிருந்து நோயாளிகளைத் தூளி கட்டிச் சுமந்து இறங்கிய காலம் பல்லாண்டுகள் நீடித்தது.

அந்தச் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே இருப்பது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே வந்து குடியேறினார்கள். அன்று அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. ஏழு தொட்டிலுக்கு ஒரு தொட்டில் காலி! கூரைக் குடிசையில் வைத்தியம் பார்த்தார்கள். மரப்பெஞ்சுதான் ஆபரேஷன் மேசை, 100 வாட் பல்புதான் விளக்கு.

அவர்கள் குடிசையில் உட்கார்ந்து நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே நர்சுகளாகப் பயிற்றுவித்தார்கள். ஊருக்கு ஊர் மூத்த பெண்மணிகளைச் சுகாதாரத் துணையாளர்களாக ஆக்கினார்கள். மாதந்தோறும் கிராமத்துக்கே போய் கர்ப்பிணிகளையும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். பிள்ளைகளைக் கொன்றது பெயர் தெரியாத நோயா? இல்லை. வயிற்றுப்போக்கும் நிமோனியாவும்தான் பெரும்பகுதி. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து விடாமல் கொடுத்தால் வயிற்றுப்போக்கில் உயிர் தங்கும். சளி பிடித்த பிள்ளையின் மூச்சைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் 50, ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் 40 — இதை எட்டினால் அன்றே மருத்துவமனை. இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60. இதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டுமா? எண்ணத் தெரிந்தால் போதும். சிட்லிங்கியில் அந்த 147, பின்னாளில் இருபதை ஒட்டி இறங்கியது. 2020ல் தமிழகம் முழுமைக்குமான கணக்கு ஆயிரத்துக்கு 13.

சகோதரர்களே! இது மலைவாழ் மக்கள் கதை, நமக்கென்ன என்று எண்ணுவோருக்கு என் கதையைச் சொல்கிறேன். எனக்கு வெட்கமான கதை.

ஸனது வாங்கி வந்த புதிதில் ஒரு மத்ரஸாவில் ஓதிக்கொடுத்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன். ஸீன் என்றாலும் ஷீன் என்றாலும் அவன் வாயில் ஒன்றுதான் வரும். திருத்துவேன், மறுபடி அதே தவறு. மந்தம் என்று பெயர் வைத்து, கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். பிரம்பும் எடுத்தேன். ஓராண்டு கழித்து அவன் பாட்டி வந்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "ரெண்டு வயசுலேர்ந்து காதுல சீழ் வடியுது ஹஜ்ரத், புள்ளைங்கன்னா இருக்கிறதுதானே." காது டாக்டரிடம் போனோம். இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள்தான் செவி மங்கும்போது முதலில் மறையும் என்று அவர் விளக்கினார். கேட்காத பிள்ளையைக் கேட்கவே முடியாத தூரத்தில் உட்கார வைத்து, சரியாகச் சொல்லவில்லை என்று அடித்திருக்கிறேன். அவனுக்கு வலித்தது, எனக்கு உறைக்கவில்லை. அவன் இன்று ஒரு ஊரில் செருப்புக்கடை வைத்திருக்கிறான். பார்த்தால் முதலில் ஸலாம் சொல்பவன் அவன்தான். என்னால்தான் நேராகப் பார்க்க முடிவதில்லை.

2013 முதல் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக்குறை, சத்துக்குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடுவது. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டில் இரு முறையும், பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். ஆனால் எந்தப் பள்ளிக்கு? விதியில் இருப்பது அரசுப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும். நீங்களோ பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்புவது கௌரவக் குறைவு என்கிறீர்கள். ஃபீஸ் கட்டி மெட்ரிக்குலேஷனில் சேர்க்கிறீர்கள். ஏழைப் பிள்ளைகள் ஹிஃப்ளு மத்ரஸாவில் தங்கி ஓதுகிறார்கள். சித்தேரி மலையின் பிள்ளைக்கு இருக்கிற நோட்டு, கடைவீதிப் பிள்ளைக்கு இல்லை!

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும், கோபப்பட வேண்டாம். சொத்து வெளியே போகக்கூடாது என்று மாமன் வீட்டிலும் அத்தை வீட்டிலுமே சம்பந்தம் செய்கிறோம். நெருங்கிய உறவுத் திருமணத்தில் பிறவிச் செவிடுக்கான வாய்ப்பு கூடுகிறது. அப்படியானால் பிறந்த குழந்தைக்குச் செவிச் சோதனை செய்ய நாமல்லவா முந்த வேண்டும்? தூங்கும் குழந்தையின் காதில் சிறு கருவி வைத்து சில நிமிடத்தில் முடிகிற சோதனை அது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளாண்ட் இலவசம், ஆனால் ஆறு வயதுக்குள். "அவங்க அத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆறு வயதைக் கடத்திவிடும் குடும்பங்கள் நம்மிடம் உண்டு.

இளைஞர்களே, 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வந்தபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி நினைவிருக்கிறதா? அதைப் பகிர்ந்த கைகளில் நம் கைகளும் இருந்தன. அதே கைபேசியில் இனி தடுப்பூசி நாளை நினைவூட்டுங்கள்.

மஹல்லாவின் திருமண மண்டபம் மாதத்தில் பல நாள் பூட்டிக் கிடக்கிறது. ஒரு நாள் காலை அதைத் திறந்துவிட ஜமாஅத் நிர்வாகிகள் சம்மதித்திருக்கிறார்கள். தராசும் உயரக்கோலும் வணிகர்கள் பொறுப்பு. மருத்துவக் குழு நம் மத்ரஸாவுக்கும் வர வேண்டும் என்று வட்டார மருத்துவ அலுவலருக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம், கையெழுத்து வேண்டும். எந்தச் சமுதாயப் பிள்ளை வந்தாலும் எடை பார்ப்போம். பேனர் கிடையாது.

வாசலில் இரண்டு சகோதரர்கள் நோட்டோடு நிற்கிறார்கள். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தடுப்பூசி அட்டை இருக்கிறதா இல்லையா — எழுதிவிட்டுப் போங்கள். தேதி தெரியாதவர்கள் இப்போதே வீட்டுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.