மனச்சோர்வுக்கு ஊரிலேயே மருத்துவம்

(பஞ்சாயத்து அங்கத்தினர் பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவு)

 

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக்கூடம், தெருவிளக்கு என்று பேசியே நாம் பழகிவிட்டோம். இவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் அந்தச் சாலையில் நடக்க வேண்டிய மனிதர், எழுவதற்கு மனமின்றித் திண்ணையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாரானால், சாலையால் அவருக்கு என்ன பயன்? இன்று அத்தகைய மனிதரைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

எங்களிடம் நேர்ந்த ஒரு குறையைச் சொல்லியே தொடங்குகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் பணிபுரிந்த ஓர் ஊரில், நல்ல கிணறும் சிறிது நிலமும் உடைய விவசாயி ஒருவர் இருந்தார். விடியுமுன் வயலுக்குப் போய்விடும் பழக்கமுடையவர். ஓர் ஆண்டு அவர் மாறத் தொடங்கினார். நாற்றுவிடும் காலம் வந்தும் அவர் நிலத்தில் உழவு நடக்கவில்லை. உணவு குறைந்தது, இரவில் உறக்கம் போயிற்று. உடம்பெல்லாம் வலிக்கிறதென்று நான்கு முறை மருத்துவரிடம் சென்றார். நான்கு முறையும் ஊசியும் சத்து மாத்திரையும் கிடைத்தன. "மனம் எப்படி இருக்கிறது?" என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரார் சோம்பல் என்றனர். உறவினர் காற்றுக் கருப்பு என்று மந்திரிக்க அழைத்துச் சென்றனர். அன்றாடம் அவர் வீட்டு வழியே போன நாங்களும், "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு, விடைக்கு நில்லாமல் நகர்ந்தோம். ஒருநாள் இரவு அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ள முயன்றார். மனைவி விழித்துக்கொண்டதால் பிழைத்தார். பின்னர் தக்க சிகிச்சை பெற்று, அடுத்த பட்டத்தில் மீண்டும் வயலில் இறங்கினார். அவருக்கு வந்தது சோம்பலன்று. மனச்சோர்வு என்னும் நோய். நான்கு முறை கண்முன் வந்து நின்ற நோயை ஒருமுறைகூட நாங்கள் அடையாளம் காணவில்லை.

நோயை அறிவது எப்படி?

மழை பொய்த்தாலும், கடன் அழுத்தினாலும், உற்றார் இறந்தாலும் மனம் வருந்துவது இயற்கை. அது நோயன்று. ஆனால் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல், ஏறக்குறைய நாள்தோறும், பொழுதின் பெரும்பகுதியும் மனம் தாழ்ந்தே இருப்பது, முன்பு விருப்பமாயிருந்த எதிலும் இப்போது விருப்பமில்லாமற் போவது ஆகிய இரண்டும் மனச்சோர்வின் முதன்மையான அடையாளங்கள். இவற்றோடு உறக்கக் கேடு, அசதி, பசியில் மாற்றம், தம்மைத் தாமே இழிவாக எண்ணுதல், கவனம் நிலைகொள்ளாமை, நடையும் பேச்சும் மந்தமாதல் அல்லது அமைதியின்றித் தவித்தல், இறந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் ஆகியவையும் சேரலாம்.

இந்த ஒன்பது குறிகளையும் ஒன்பது கேள்விகளாக்கிக் கேட்கும் முறை இன்று உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வருமாயின் மருத்துவர் நன்கு விசாரித்து அறிய வேண்டும். கேள்விகளைக் கேட்டு முடிக்கச் சில நிமிடங்களே போதும். கருவி எதுவும் வேண்டியதில்லை.

நம் மக்கள் மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் வருவதில்லை. தலைவலி, உடம்புவலி, நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை என்று சொல்லியே வருகிறார்கள். ஆகவேதான் நோய் மறைந்து நிற்கிறது. 2015-16-ம் ஆண்டுகளில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடைபெற்றது. ஏறத்தாழ இருபது பேரில் ஒருவர் வாழ்நாளில் என்றேனும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்றும், நோயுற்றோரில் நூற்றுக்கு 85 பேர் தக்க சிகிச்சை பெறவில்லை என்றும் அது கண்டறிந்தது. பயிரில் நூற்றுக்கு 85 பங்கு நோயுற்றிருக்க, மருந்தடிக்காமல் எந்த விவசாயியாவது வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாரா?

கோவாவில் நடந்த ஆராய்ச்சி

மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. அவர்களும் பெரும்பாலும் நகரங்களில் இருப்பவர்கள். அவர்கள் வந்து சேரும்வரை கிராமம் காத்திருக்க வேண்டுமா? இக்கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை கண்டிருக்கிறார்கள்.

கோவாவில் சங்கத் என்னும் தொண்டு நிறுவனத்தாரும் டாக்டர் விக்ரம் பட்டேல் முதலியோரும் 2007 முதல் 2009 வரை ஓர் ஆராய்ச்சி நடத்தினர். 12 அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களும் 12 தனியார் மருத்துவர்களும் இதில் கலந்துகொண்டனர். சோதனைக்கு உட்பட்ட நோயாளிகள் 2,796 பேர். மனச்சோர்வும் மனக்கலக்கமும் உடையவர்களுக்கு ஆலோசனை கூறியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். நோயாளிக்கு நோயை விளக்குவதும், மருத்துவர் சொன்னபடி மருந்து உட்கொள்ளச் செய்வதும், வராதவரைத் தேடி அழைப்பதும் அவர்கள் வேலை.

2010-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. அரசு நிலையங்களில் இவ்வுதவியைப் பெற்றவர்களுள் ஆறு மாதத்தில் குணமடைந்தோர் நூற்றுக்கு 65.9. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுள் குணமடைந்தோர் நூற்றுக்கு 42.5. தனியார் மருத்துவர்களிடம் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே ஏழை எளியவர் நாடிவரும் அரசு நிலையத்தில்தான் இம்முறை சிறப்பாகப் பயன் தந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் அதே கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வுடைய 495 பேரைக் கொண்டு மற்றோர் ஆராய்ச்சி நடந்தது. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் வாரம் ஒருமுறையாக ஆறு முதல் எட்டு முறை நோயாளியைச் சந்தித்தனர். மூன்று மாத முடிவில், ஆலோசனை பெற்றவர்களுள் நூற்றுக்கு 64 பேரிடம் நோய் தணிந்திருந்தது. பெறாதவர்களுள் 39 பேரிடமே தணிந்திருந்தது. 2017-ம் ஆண்டில் வெளியான முடிவு இது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் அப்பயன் நிலைத்திருந்தது.

அந்த ஆலோசனைதான் என்ன?

அதில் மந்திரம் ஏதுமில்லை. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு கசிந்து குழாய் நீர் இறங்கிப் போனால், மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. மேலிருந்து இரண்டு குடம் நீரை ஊற்றிக் குழாயை நிரப்பினால்தான் கிணற்று நீர் மேலே வரும். மனச்சோர்வுற்ற மனமும் அத்தகையதே. "மனம் தெளியட்டும், பிறகு வேலை செய்வோம்" என்று நோயாளி காத்திருக்கிறார். வேலை நிற்க நிற்க மனம் மேலும் தாழ்கிறது. ஆலோசகர் இதைத் திருப்பிப் போடுகிறார். முதலில் சிறு வேலை. மனம் பின்னால் வரும்.

நாளைக் காலை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, மாலையில் வாய்க்கால் வரை நடந்து வருவது, நெடுநாள் பார்க்காத நண்பரைப் பார்ப்பது என்று நோயாளியோடு கலந்து ஒன்றிரண்டு காரியங்களை முடிவு செய்கிறார். செய்த காரியத்தையும் அப்போதிருந்த மனநிலையையும் குறித்துவரச் சொல்கிறார். அடுத்த வாரம் இன்னும் ஒரு படி. கடன், குடும்பச் சச்சரவு போன்ற தொல்லைகளைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தீர்க்க வழி காட்டுகிறார். "தைரியமாக இரு" என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

தாய்மார்களும் பாட்டிமார்களும்

பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சார்ந்த கிராமங்களில், டாக்டர் ஆதிஃப் ரஹ்மான் முதலியோர் 40 யூனியன் கவுன்சில்களில் மனச்சோர்வுற்ற 903 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஆராய்ந்தனர். வீடுவீடாகச் செல்லும் பெண் சுகாதார ஊழியர்களுக்கே பயிற்சி அளித்தனர். குழந்தை பிறந்து ஆறு மாதமானபோது, இப்பயிற்சி பெற்ற ஊழியர் சென்று பேசிய தாய்மாருள் நூற்றுக்கு 23 பேரிடமும், மற்றவருள் 53 பேரிடமும் மனச்சோர்வு எஞ்சியிருந்தது. முதல் வகையினரின் குழந்தைகளுக்குப் பேதி குறைந்தது. தடுப்பூசி போடுவது கூடியது. தாயின் மனம் தெளிந்தால் தொட்டிலும் நலம் பெறும் என்பதை 2008-ம் ஆண்டில் வெளியான இவ்வாராய்ச்சி காட்டிற்று.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் ஹராரே நகரில், 2006-ம் ஆண்டில் டாக்டர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி தந்தார். சுகாதார நிலைய வளாகத்தில் ஒரு மரப் பலகை இருக்கை. அதில் அமர்ந்து பாட்டி கேட்பார், வந்தவர் பேசுவார். அந்நாட்டு ஷோனா மொழியில் இந்நோய்க்குப் பெயர் "அளவுக்கு மீறி யோசித்தல்" என்று பொருள்படுவது. "ஒரே யோசனையாக இருக்கிறது" என்று நம் ஊரிலும் சொல்கிறோம் அல்லவா? 573 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2016-ம் ஆண்டில் வெளியாயிற்று. அம்முறையும் நோயை நன்கு தணித்ததென்று தெரிந்தது.

மருந்து வேண்டாமா?

வேண்டியவர்க்கு வேண்டும். அதை முடிவு செய்பவர் மருத்துவரே. இரத்தசோகை, தைராய்டுக் குறை போன்றவையும் இதே அசதியைத் தரலாம் ஆதலால், அவர் முதலில் அவற்றையும் பார்ப்பார். மனச்சோர்வு மருந்து தலைவலி மாத்திரை போல அன்றே வேலை செய்யாது. பயன் தெரியப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களாகும். சற்றுத் தெளிந்தவுடன் தாமாகவே நிறுத்திவிடலாகாது; பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். தற்கொலை எண்ணம் வலுத்தவரையும், மனம் பேதலித்தவரையும் தாமதமின்றி மனநல மருத்துவரிடம் சேர்க்க வேண்டும். இதற்கென 1996-ம் ஆண்டில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் முதலில் சேர்ந்த மாவட்டங்களுள் நம் திருச்சிராப்பள்ளியும் ஒன்று.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவது, பேச்சை மாற்றுவது. சோம்பேறி, பைத்தியம் என்ற சொற்கள் நோயாளியை மருத்துவரிடமிருந்து துரத்தும் சொற்கள். கிராம சபைக் கூட்டத்தில் பத்து நிமிடம் இந்நோயைப் பற்றிப் பேசச் செய்யுங்கள்.

இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கலந்து, அந்த ஒன்பது கேள்விகளையும் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். 2021-ம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் பெண்கள், மனத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கலாம்.

மூன்றாவது, மகசூல் இழந்தவர், கடனில் சிக்கியவர், புதிதாய்ப் பிள்ளை பெற்ற தாய், துணையை இழந்த முதியவர் ஆகியோரை அங்கத்தினர் ஒருவர் நேரில் சென்று பாருங்கள். இறக்கும் எண்ணம் உண்டா என்று பரிவோடு கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாகிவிடாது. வாய்விட்டுச் சொல்ல அவருக்கு ஒரு வழி திறக்கும்.

நான்காவது, பூச்சிமருந்தை வீட்டிற்குள் வைக்காதீர்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், பூ விளையும் இரண்டு ஊர்களில் அதைப் பொதுக் கட்டடத்தில் பூட்டிவைக்க ஏற்பாடு செய்து பார்த்தனர். மக்கள் அதை ஏற்றுக்கொண்டனர் என்று 2013-ம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆபத்தான அந்தச் சில நிமிடங்களைத் தள்ளிப்போட்டாலே ஓர் உயிர் தங்கலாம்.

ஐந்தாவது, 14416 என்னும் தொலைபேசி எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள். 2022-ம் ஆண்டில் தொடங்கிய இந்த அரசு மனநலச் சேவை இரவும் பகலும் கட்டணமின்றிக் கிடைப்பது, தமிழிலும் பேசலாம். உயிர் விட முயன்றவரைத் தண்டிக்கலாகாது, கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகக் கருதிப் பராமரிக்க வேண்டும் என்பது 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கருத்து. ஆகவே வழக்குக்கு அஞ்சி எவரும் சிகிச்சையை மறைக்க வேண்டியதில்லை.

அன்பர்களே! நாங்கள் முதலில் சொன்ன விவசாயி இன்று நலமாக இருக்கிறார். "அன்று யாராவது ஒரு நாழிகை உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும்" என்று பின்னொரு நாள் எங்களிடம் சொன்னார். அச்சொல் எங்களை இன்றும் சுடுகிறது. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஹராரேயிலும் செய்த ஆராய்ச்சிகளின் சாரமும் அதுவே: உட்கார்ந்து, கேட்டு, முறைப்படி வழிகாட்டப் பயின்ற ஒருவர் ஊரில் இருந்தால், நோயுற்றோரில் பலர் எழுந்து நடப்பர். அந்த ஒருவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். அவரைத் தேடிப் பயிற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உங்களுடையது. இன்று வீடு திரும்பும் வழியில், சில நாட்களாக வெளியே வராத மனிதர் ஒருவரின் திண்ணையில் சற்றே அமர்ந்து, "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். விடை வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.