எபிசோடு 41: ஜூ மூடியாச்சு, கூழைக்கடா எங்க போச்சு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்திருந்துச்சு: "கோயம்புத்தூர்ல மால், சினிமாவை விட்டா குழந்தைகளைக் கூட்டிட்டுப் போக இடமே இல்ல ப்ரோ." நானும் பல வருஷமா இதையேதான் சொல்லிட்டு இருந்தேன். இன்னைக்கு அதுக்குப் பதில் சொல்லப் பார்க்கறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூணு பேரு: நான், எங்கப்பா, ஏழு வயசு ஆகற என் அக்கா பொண்ணு.

இது ஆரம்பிச்சது வெளிநாட்டுல. ஆபீஸ் வேலையா ரெண்டு வாரம் ஸ்ட்ராஸ்பர்க் போயிருந்தேன். பிரான்ஸ்ல, ஜெர்மனி எல்லையை ஒட்டின அல்சாஸ் பகுதி. லீவு நாள்ல அங்க நான் செஞ்சது ரெண்டுதான். ஒண்ணு, பெட்டிட் ஃபிரான்ஸ்னு சொல்ற பழைய ஏரியாவுல நடக்கறது. மரச்சட்டம் வெளிய தெரியற வீடுங்க, பக்கத்துலயே வாய்க்கால். ஒரு காலத்துல தோல் பதனிடறவங்களும் மீன் பிடிக்கறவங்களும் குடியிருந்த இடம். இன்னொண்ணு, ஒரான்ஜெரி பூங்காவுல உக்காந்து மரத்து மேல இருக்கற நாரைக் கூட்டைப் பார்க்கறது.

அந்த நாரைகளுக்கு ஒரு கதை இருக்கு. 1974ல மொத்த அல்சாஸ்லயும் ஒன்பது ஜோடிதான் மிச்சம் இருந்துச்சு. சதுப்பு நிலம் குறைஞ்சது, மின்கம்பியில அடிபட்டுச் செத்தது, குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போனது திரும்பி வராதது, இப்படிப் பல காரணம். நாரைகளைச் சில வருஷம் அடைச்சு வெச்சு வளர்த்து, வலசை போற பழக்கம் விட்டுப்போன பிறகு வெளிய விட்டாங்க. இப்ப ஆயிரம் ஜோடிக்கு மேல இருக்கு.

ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டேன். அப்பா ஒரே வரியில பதில் போட்டார்: "நம்ம வ.உ.சி. பார்க்குலயும் பை வெச்ச மூக்குக் குருவி இருந்துச்சே கண்ணு, ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இல்லாமயா? அப்பா சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லுல ஷிப்ட் வேலை பார்த்தவர். மாசத்துக்கு ஒரு தடவை, வார லீவுல, டவுன் பஸ் புடிச்சு என்னையும் அக்காவையும் வ.உ.சி. பார்க் கூட்டிட்டுப் போவார். மான், முதலை, மயில் எல்லாம் பார்ப்போம். கடைசியா கூழைக்கடா கூண்டு. சுண்டல் வாங்கித் தருவார். எங்க வீட்டு டூர் பட்ஜெட் அவ்வளவுதான்.

சரி, ஊருக்கு வந்ததும் அதே ரூட்ல ஒரு நாள் போகலாம்னு முடிவு பண்ணினோம். முதல் ஸ்டாப் டவுன்ஹால். அந்த மணிக்கூண்டுச் சத்தத்துக்கு நடுவுல நாம பைக் நிறுத்த இடம் தேடுவோமே ஒழிய, நின்னு பார்த்திருக்க மாட்டோம். காலையில ஏழு மணிக்குப் போங்க. கடைங்க திறக்கறதுக்கு முன்னாடி தெருவே வேற மாதிரி இருக்கும்.

டவுன்ஹால் கட்டடம் விக்டோரியா ராணி காலத்துது. பக்கத்துலயே கோனியம்மன் கோயில். மாசி மாசம் தேர் ராஜவீதி தேர்நிலைத் திடல்ல கிளம்பி ஒப்பணக்கார வீதி வழியாச் சுத்தி வரும். அதே ஒப்பணக்கார வீதியிலதான் அத்தர் ஜமாத் பள்ளிவாசல். பெரிய கடை வீதியில புனித மிக்கேல் பேராலயம். அதைக் கட்ட ஆரம்பிச்சது 19ஆம் நூற்றாண்டு நடுவுல இங்க வந்த பிரெஞ்சு பாதிரியார்கள். நான் பிரான்ஸ் போய் ஃபோட்டோ எடுத்தேன், அவங்க இங்க வந்து கோயிலே கட்டிட்டுப் போயிருக்காங்க. கொஞ்சம் தள்ளிக் கோட்டைமேடு. பேர்ல மட்டும்தான் கோட்டை. 1790கள்ல நடந்த மைசூர் சண்டையோட அது போச்சு.

"இந்தத் தெருவுல எத்தனை தடவை நடந்திருப்போம், ஒரு தடவை மேல பாத்திருப்பமா?"ன்னு அப்பா கேட்டார். மாடியில பழைய மரச்சன்னல், அதுக்குக் கீழ எல்.இ.டி. போர்டு.

அடுத்து வ.உ.சி. பார்க். உங்கள்ல பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும், 1965ல ஆரம்பிச்ச அந்த ஜூவுக்குக் கொடுத்திருந்த அங்கீகாரத்தை 2022 ஜனவரியில மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ரத்து பண்ணிருச்சு. முக்கியக் காரணம், மிருகங்களுக்கு இடம் பத்தாது. பறவை, பாம்பு, முதலையை எல்லாம் வேற பூங்காக்களுக்கு அனுப்பினாங்க. புள்ளி மான்களைச் சிறுவாணி அடிவாரக் காட்டுல விட்டாங்க. எனக்குச் செய்தி தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. சொல்லாம கூட்டிட்டுப் போனது என் தப்பு.

மூடியிருந்த பக்கத்தைப் பார்த்துட்டு அங்கயே திண்டுல உக்காந்துட்டார். நான் இடம் பத்தலைங்கற காரணத்தைச் சொன்னேன். நியாயம்தான்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப நாம வந்து வந்து பாத்தது பாவமா கண்ணு?"ன்னார்.

எனக்கு உடனே பதில் வரல. ட்விட்டர்ல இதுக்கு ஒரு நிமிஷத்துல பதில் போட்டிருப்பேன். நம்ம சந்தோஷமான நாளுங்க ஒரு பறவையோட ஜெயில் முன்னாடி நடந்திருக்குன்னு அப்பாகிட்ட எப்படிச் சொல்றது? அவரே சொன்னார்: "அந்தக் குருவி மூணு எட்டு வெச்சா கம்பி வந்துரும். நான் அப்பவே பாத்தேன். நீ சிரிச்சுட்டு இருந்த, அதனால ஒண்ணும் சொல்லல."

இந்தப் பார்க் யாரோட பேர்ல இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. வ.உ.சி. 1908லருந்து 1910 வரைக்கும் இதே கோவை ஜெயில்லதான் இருந்தார். செக்கு இழுக்க வெச்சாங்க. அந்தச் செக்கு இன்னும் ஜெயில் வளாகத்துல இருக்கு. ஜெயில் நிலத்துல ஒரு பகுதிதான் இப்ப செம்மொழிப் பூங்கா. 2010 செம்மொழி மாநாட்டப்ப அறிவிச்சது, 2025 நவம்பர்ல திறந்தாங்க, 45 ஏக்கர். பாப்பா அங்க நல்லா ஓடி விளையாடினா. ஆனா சாயங்காலம் வரைக்கும் ஒரே கேள்வி: "மாமா, பை மூக்குக் குருவி எங்க?"

அப்பாதான் ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார்: "ஏனுங், வாலாங்குளம் வருமுங்களா?"

சுங்கம் பக்கம் கரையில இறங்கினப்ப மணி அஞ்சு இருக்கும். கீழ தண்ணி, மேல மேம்பாலத்துல லாரி. தண்ணியில பத்துப் பன்னெண்டு கூழைக்கடா, சும்மா மிதந்துட்டு இருந்துச்சுங்க. கொஞ்சம் தள்ளி மஞ்சள் மூக்கு நாரைகள். ஸ்ட்ராஸ்பர்க்ல கழுத்து வலிக்கப் பார்த்தேனே, அதோட சொந்தக்காரங்க. நான் தினமும் ஹெல்மெட் போட்டுக்கிட்டு இந்தப் பாலத்துல போறவன். ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்ல.

ஒரு கூழைக்கடா தண்ணியில தபதபன்னு ஓடி மேல எழும்புச்சு. பாப்பா கத்தினா: "அப்புச்சி, இதை ஆரு திறந்து விட்டாங்க?"

"ஆரும் திறந்து விடல கண்ணு. அதுவாத்தான் வந்துச்சு."

அப்பா முகத்துல காலையில இருந்த சோர்வு அப்பத்தான் போச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ஜூ மூடினதுல எனக்கு வருத்தம் இல்ல. அங்க அடைச்சு வெச்சிருந்த அதே பறவை, கூண்டு இல்லாம, டிக்கெட் இல்லாம, ஊர் நடுவுலயே இருக்கு. வாலாங்குளம், உக்கடம் பெரியகுளம், சிங்காநல்லூர் குளம் எல்லாம் நொய்யலை நம்பி வெட்டின குளங்க. சிங்காநல்லூர் குளத்தை 2017லயே நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமா அறிவிச்சாங்க.

ஆனா சாக்கடை இன்னும் வருது, ஆகாயத்தாமரை மூடுது. ஸ்மார்ட் சிட்டி வேலையில கரைக்கு நடைபாதை போட்டாங்க. நடக்க நல்லாத்தான் இருக்கு, நானும் நடக்கறேன். ஆனா தண்ணியில நின்னு மேயற நாரைக்கு ஆழமில்லாத சேத்துக் கரை வேணும். சிமெண்ட் சுவர்ல அது நிக்காது. அல்சாஸ்ல ஒன்பது ஜோடிங்கற அளவுக்குப் போயிருச்சு, கூண்டு வெச்சுத்தான் மீட்க வேண்டியிருந்துச்சு. நமக்கு இன்னும் அந்த நிலைமை வரல. குளத்தைக் கெடுக்காம இருந்தாலே போதும்.

போறவங்களுக்கு: நவம்பர்லருந்து பிப்ரவரிக்குள்ள போனா பறவை அதிகம் இருக்கும். காலையில ஆறரை, இல்லைன்னா சாயங்காலம் அஞ்சு மணி. பொரி போடாதீங்க. பைனாகுலர் இருந்தா எடுத்துக்கங்க, இல்லைன்னாலும் பரவாயில்ல. பாடம் பண்ணின காட்டெருமை மாதிரி மிருகங்களைக் குழந்தைகளுக்குக் காட்டணும்னா கௌலி பிரவுன் ரோட்ல 1902ல ஆரம்பிச்ச காஸ் வன அருங்காட்சியகம் இருக்கு. திறந்திருக்கான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க.

உங்க ஏரியாக் குளத்துல என்ன பறவை வருதுன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேர் தெரியலைன்னா மூக்கு எப்படி இருக்குன்னு சொன்னாப் போதும், அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன். அடுத்த எபிசோடுல பார்ப்போம்.