காணாமல் தரும் பரிசில்



பரிசிலை நம்பியே புலவர்கள் வாழ்ந்த காலத்தில், தேடி வந்த பரிசிலை வேண்டாவென மறுத்த புலவர் ஒருவர் உண்டு. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். மன்னன் அவரை நேரிற் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. புறநானூற்றின் 208ஆம் பாடல் அந்த மறுப்பைக் கூறுகிறது. பொருள் குறைவு என்பதன்று அவர்தம் மனக்குறை; தம்மைக் காணாமல், தம் தகுதியை அறியாமல் தரப்பட்டது என்பதே. அறிந்து தருவது மிகச் சிறிதாயினும் தமக்கு இனியது என்கிறார் அவர். வறுமையிலும் அவர் காத்துக்கொண்ட செல்வம் தன்மதிப்பு.

இன்றைய இளைஞரின் கைப்பேசியில் நாள்தோறும் வந்து குவிவதும், வாராமல் அவரை வாட்டுவதும் இத்தகைய காணாப் பரிசில்களே.

2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் முகநூல் நிறுவனம் 'லைக்' பொத்தானை அறிமுகப்படுத்தியது. அதற்குமுன் அத்தளத்தில் ஒருவரின் எழுத்தையோ படத்தையோ பாராட்ட விரும்பியவர் ஒரு சொல்லேனும் எழுத வேண்டியிருந்தது. பொத்தான் அச்சொல்லை எண்ணாக்கிற்று. சொல்லுக்குச் சொன்னவரின் முகம் உண்டு. எண்ணுக்கு முகம் இல்லை. நின்று படித்தவரும் போகிற போக்கில் விரலால் தொட்டவரும் அதில் ஒன்றே. ஆனால், பிறருடையதோடு ஒப்பிடுவதற்கு எண்ணைப் போல் எளிதானது வேறில்லை.

புறத்தே அளவுகோல் இல்லாதவிடத்து மனிதர் பிறரோடு ஒப்பிட்டே தம்மை மதிப்பிட்டுக்கொள்கின்றனர் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். அந்த ஒப்பீடு ஒருகாலத்தில் வகுப்பறையோடும் தெருவோடும் பெரும்பாலும் நின்றது. இன்றோ, முன்பின் அறியாத ஆயிரம் பேர் தேர்ந்தெடுத்துத் திருத்தி வெளியிட்ட முகங்களோடு, பதினைந்து வயதுப் பெண் தன் கண்ணாடியில் தெரியும் முகத்தை ஒப்பிடுகிறாள்.

2021இல், இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனத்தின் உள் ஆய்வுகள் நாளிதழ் வழியே வெளிவந்தன. தம் உடலைக் குறித்துத் தாழ்வாக உணர்ந்த பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வுணர்வை மேலும் மோசமாக்கியது என்று அந்த ஆய்வில் கூறியிருந்தனர். தனிமை முதலியவற்றில் நன்மை கண்டோரே மிகுதி என்று நிறுவனம் விடையிறுத்தது. இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். எனினும் எண்ணிக்கையின் சுமையை அந்நிறுவனமும் உணராமலில்லை. 2019இல் சில நாடுகளில் விருப்ப எண்ணிக்கையைப் பிறர் கண்ணுக்கு மறைத்துச் சோதனை செய்தது. 2021 மே மாதத்தில், மறைப்பதும் காட்டுவதும் பயனர் விருப்பம் என்று விட்டுவிட்டது.

அப்பொத்தானை உருவாக்கிய குழுவில் இருந்தவர் லியா பேர்ல்மன். பின்னர் அவர் சித்திரக் கதைகள் வரைந்து முகநூலில் வெளியிட்டார். விருப்பக்குறிகள் பெருகின; மகிழ்ந்தார். பதிவுகளை எவருக்கு, எந்த வரிசையில் காட்டுவது என்னும் கணக்கை நிறுவனம் மாற்றியது, குறிகள் குறைந்தன. தம் படைப்பே குறையுடையது போலும் என்று அவர் மனம் நொந்தார். பணம் கொடுத்து விளம்பரம் செய்யவும் முற்பட்டார். இதனை அவரே வெளிப்படையாகக் கூறியிருக்கிறார். ஓவியத்தின் தரம் மாறவில்லை. காட்டும் கணக்கு மாறிற்று. பொத்தானின் உட்பொருளை அறிந்தவர்க்கே இந்நிலை என்றால், அதனை அறியாத இளையோரின் நிலை என்ன?

கவிதைக்கும் இது புறம்பானதன்று. இதழ்களின் வாசலிலே காத்துக் கிடந்த சிற்றூர் இளைஞருக்குச் சமூக ஊடகம் ஒரு திண்ணையைத் தந்தது. அந்நன்மையை மறுத்தல் அறமாகாது. ஆனால் அத்திண்ணையில், நாற்பது அடிகளில் வளர வேண்டிய கவிதை நான்கு அடிகளில் நின்றுவிடுகிறது. நேற்று எண்ணிக்கை பெற்றுத் தந்த உவமை இன்றும் திரும்ப வருகிறது. எண் குறைந்த நாளில் எழுதுகோலே கைவிடப்படுகிறது. அங்கே தோற்றது கவிதையா, கணக்கா என்று எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இல்லை.

கைப்பேசியைப் பறிப்பதால் இது தீர்ந்துவிடாது. ஆஸ்திரேலியா பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை 2024இல் இயற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சட்டம் ஒரு வாயிலை அடைக்கலாம். தன்னை ஒருவர் காண வேண்டும் என்னும் ஏக்கத்தை அடைக்க இயலாது. அவ்வேக்கம் குற்றமும் அன்று. பெருஞ்சித்திரனார் வேண்டியதும் அதுவே.

பத்தாண்டு நிறைந்த இலக்கிய வட்டத்திற்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. இளங்கவிஞர் ஒருவர் கவிதையோடு வரும்போது அதனை முழுதும் கேட்டல். இவ்வடி நிமிர்ந்து நிற்கிறது, இவ்வடி தளர்கிறது என்று முகம் பார்த்துச் சொல்லுதல். அடுத்த திங்கள் அவர் வாராவிடில் ஏன் வரவில்லை என்று கேட்டல். கேட்போர் பத்துப் பேராக இருக்கலாம். அப்பத்துப் பேரும் அவரைக் கண்டு தரும் பரிசில் அது.