கழுத்தைத் திருக விடாதீர்கள்!

 

கற்பிட்டி முதல் சிலாபம் வரை இந்தக் கரையில் கழுத்து நோ அறியாத வீடு உண்டா? கரைவலை இழுத்தவருக்கு நோ. உப்பு மூட்டை சுமந்தவருக்கு நோ. தையல் மெசினில் குனிந்த தங்கைக்கு நோ. இராவிராவாய்ப் போன் பார்த்த பிள்ளைக்கும் நோ. அதற்கு நாம் கண்ட குறுக்கு வழி என்ன? சலூனில் முடி வெட்டி முடிந்ததும் தாடையைப் பிடித்து வெடுக்கென்று ஒரு திருகல். 'டக்' என்று ஒரு சத்தம். "விலகின எலும்பு இடத்துக்கு வந்திட்டு" என்று எழும்பி வருகிறோம்.

எலும்பு எங்கேயும் விலகவில்லை, சபையோரே! மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி எழுப்பும் சத்தம் அது. அதே கழுத்துக்குள்ளே மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் ஓடுகின்றன. அவற்றில் இரண்டு, முள்ளென்புகளின் துளைகளுக்குள்ளாகவே ஏறி, உச்சி முள்ளென்பைச் சுற்றி வளைந்து மண்டைக்குள் நுழைகின்றன. கழுத்தைச் சடுதியாகத் திருகினால் இழுபடுவது அந்த வளைவுதான். நாடியின் உட்சுவர் கிழிந்தால் அங்கே இரத்தம் உறையும். அந்த உறைகட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம்!

2024ஆம் ஆண்டு கர்நாடகத்தின் பல்லாரியில் நடந்ததைக் கேளுங்கள். முப்பது வயது உழைப்பாளி ஒருவர். முடி வெட்டப் போன இடத்தில் இலவசமாய்த் தலை பிடித்துவிட்டு, கழுத்தையும் திருகிவிட்டார்கள். வீடு போய்ச் சில மணி நேரத்தில் பேச்சுக் குழறியது, இடப்பக்கம் சோர்ந்தது. கழுத்து நாடி கிழிந்திருந்தது. உயிர் தப்பியது பெரும் பேறு!

"படித்தவர் செய்தால் பயமில்லையே?" என்பீர்கள். 1895இல் அமெரிக்காவில் டேனியல் டேவிட் பாமர் தொடங்கிய கைரோபிராக்டிக் முறையில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போனவர்களையும் சேர்த்து ஆராய்ந்துதான், அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் அறிக்கை விட்டது: கழுத்தைத் திருகுவதற்கும் நாடிக் கிழிவுக்கும் தொடர்பு காணப்படுகிறது, சிகிச்சைக்கு முன்பே அதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.

நியாயமும் பேச வேண்டும். இந்த ஆபத்து அபூர்வமானது. கனடாவின் ஒன்ராறியோவில் இவ்வகைப் பாரிசவாதம் வந்த 818 நோயாளிகளை ஆராய்ந்து 2008இல் வெளிவந்த ஆய்வு, சாதாரண வைத்தியரிடம் போனவர்களிடமும் இதே தொடர்பைக் கண்டது. நாடி ஏற்கெனவே கிழிந்ததால் வந்த நோவுக்குத்தான் அவர்கள் மருந்து தேடிப் போயிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். சரி, அப்படியே இருக்கட்டும்! அப்போது அந்தக் கழுத்தைத் திருகுவது நைந்த கயிற்றை மேலும் முறுக்குவது அல்லவா? எந்த நோ தசையில், எந்த நோ நாடியில் என்று சலூன் கதிரையில் யார் கண்டுபிடிப்பார்?

இத்தனை ஆபத்தை ஏற்க, கிடைக்கும் இலாபம் என்ன? 2012இல் அமெரிக்காவில் கழுத்து நோக்காரர் 272 பேரை வைத்துப் பார்த்தார்கள். திருகு சிகிச்சை மாத்திரையைவிட நல்ல பலன் தந்தது உண்மைதான். ஆனால் வீட்டிலிருந்தே இலேசான பயிற்சி செய்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே சுகம் கிடைத்தது! சும்மா கிடைக்கும் சுகத்துக்கு உயிரைப் பணயம் வைக்கலாமா?

எங்கள் முறிவு நெரிவு வைத்தியர்களை நான் மதிக்கிறேன். எண்ணெய் பூசுங்கள், பத்துப் போடுங்கள், ஒத்தடம் கொடுங்கள். கழுத்தை மட்டும் திருகாதீர்கள்! சலூன் தம்பிமாரே, கேட்டு வருபவரிடமும் "செய்ய மாட்டேன்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் தொழிலுக்கு மரியாதை கூடுமே தவிரக் குறையாது.

தாய்மாரே, இதை மனதில் எழுதி வையுங்கள். முன்பு கண்டிராத கடும் நோ பிடரியில் சடுதியாக வந்தாலோ, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, தள்ளாட்டம் கண்டாலோ, எண்ணெய் தேடாதீர்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அறிகுறி அன்றே வரும், சில நாள் கழித்தும் வரும். உடனே 1990 சுவசெரியவுக்கு அடியுங்கள். காசில்லாமல் அம்புலன்ஸ் வரும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு.

கழுத்து நோவில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடும். செத்த மூளைப் பகுதியோ திரும்பி வராது. ஆகவே இன்று இந்த மண்டபத்தை விட்டுப் போகும் ஒவ்வொருவரும் ஒரு முடிவோடு போங்கள்: என் கழுத்தைத் திருக யாரையும் விடமாட்டேன், என் வீட்டில் எவர் கழுத்தையும் திருக விடமாட்டேன்!