தோல் பதனிடுபவரின் வீட்டில்



திருத்தூதர் பேதுரு யோப்பா நகரில் பல நாள் தங்கியிருந்தார் என்று திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். யார் வீட்டில்? தோல் பதனிடும் சீமோன் என்பவரின் வீட்டில். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழும் நமக்கு அந்த வீட்டின் வாடை தெரியும். செத்த விலங்கின் தோலைத் தொடுகிறவர் தீட்டானவர் என்று அக்கால யூதர்கள் ஒதுக்கினார்கள். அந்த வீட்டு மாடியில் இறைவேண்டல் செய்தபோதுதான் பேதுரு காட்சி கண்டார். எந்த மனிதரையும் தீட்டானவர் என்று சொல்லக்கூடாது எனக் கற்றுக்கொண்டார். மறுநாள் எழுந்து புறப்பட்டு, பிற இனத்தவரான கொர்னேலியுவின் வீட்டுக்குள் நுழைந்தார்.

நாம் கற்றுக்கொண்டோமா?

2019 ஆகஸ்ட் மாதம். வாணியம்பாடி அருகே நாராயணபுரம். இறந்துபோன ஒரு தலித் சகோதரரின் உடலைப் பாலாற்றங்கரை மயானத்துக்குக் கொண்டுபோக வயல் வழியே பாதை விடவில்லை. உறவினர்கள் பாலத்தின் மேலிருந்து பாடையைக் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. தலித் மக்களுக்கு ஏன் தனி மயானம் என்று நீதிபதிகள் கேட்டார்கள். நம் பகுதியில் தைக்கும் காலணிகள் கடல் கடந்து போகின்றன. நம் ஊரில் இறந்தவரின் உடல் ஒரு வயலைக் கடக்க முடியவில்லை.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர், தலித் மாணவர்களிடம் அவரை, ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இன்னொரு தீண்டப்படாதவர்’ என்று அறிமுகப்படுத்தினார். கிங் முதலில் அதிர்ந்தார். பிறகு தம் மக்களின் நிலையை நினைத்து, ஆம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று உணர்ந்தார். 1965-இல் தம் ஆலய மறையுரையில் அவரே இதைச் சொன்னார்.

அன்பர்களே, ஊரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்ப முடியாது. சாதிக்கொரு பகுதியாகப் பிரிந்த கல்லறைகள் தமிழகத் திருச்சபையிலும் உண்டு. தலித் மக்களுக்கு எதிரான தீண்டாமை திருச்சபைக்குள்ளும் இருப்பதை 2016-இல் இந்திய ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நாம் ஒரே மண்ணில் புதைக்கப்பட மறுப்பது என்ன நியாயம்?

நயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனை அடக்கம் செய்யக் கொண்டுபோனார்கள். ஆண்டவர் தீட்டுப் பார்க்கவில்லை, பாடையைத் தொட்டார். அடுத்த முறை காலனியில் சாவு விழுந்தால், மணியோசையோடு நம் கடமை முடிந்துவிட வேண்டாம். நாமும் போவோம். பாடைக்கு நம் தோளையும் கொடுப்போம்.

ஆமென்.