கணினிக்குப் பின்னால் நின்ற பெண்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் கைதேர்ந்த வக்கீல் மாதிரி ஒரு சாட்சியைக் கூட்டிவந்தார்: சுகதா மித்ரா. 1999இல் டெல்லி கல்காஜியில் ஒரு சுவரை உடைத்து அதில் கணினியை வைத்தார். குடிசைப் பகுதிக் குழந்தைகள் யாரும் சொல்லித் தராமலே அதை இயக்கப் பழகிக்கொண்டார்கள். ஆகவே இனி வாத்தியார் எதற்கு என்று முடித்தார் தலைவர். அரங்கம் கைதட்டியது. தட்டியவர்களில் சில வாத்தியார்களும் உண்டு, அதுதான் எனக்கு வருத்தம்!

ஆனால் சாட்சியைப் பாதியிலேயே கூண்டைவிட்டு இறக்கிவிட்டார்களே! மீதியை நான் கேட்கிறேன்.

அதே மித்ரா பிறகு தெற்கே வந்தார். காளிக்குப்பம், தமிழ் பேசும் கிராமம். உயிரித் தொழில்நுட்பப் பாடத்தை ஆங்கிலத்திலேயே கணினியில் ஏற்றிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துத் தேர்வு வைத்தால், ஒன்றுமே தெரியாமல் இருந்தவர்கள் 30 மதிப்பெண்ணுக்கு வந்திருந்தார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊரில் 35 எடுத்தால்தானே பாஸ்?

அடுத்து மித்ரா ஓர் ஆளைப் பிடித்தார். பிள்ளைகளோடு பந்து விளையாடும் ஓர் இளம்பெண். கணக்கு எழுதுவது அவர் வேலை, டி.என்.ஏ. பற்றி ஒன்றும் தெரியாது. பேரப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கும் பாட்டி மாதிரி நின்று பார், அட, எப்படிச் செய்தாய் என்று வியந்து கேள், அது போதும் என்றார். மதிப்பெண் 50 ஆனது.

“அந்தப் பெண் ஆசிரியர் இல்லையே” என்று எதிரணியில் முணுமுணுப்பு கேட்கிறது. ஐயா, அந்த 20 மதிப்பெண் கூடியது கூட நின்று கவனித்த ஒரு மனுஷியால். அந்த வேலைக்குத்தான் எங்கள் அணி ஆசிரியர் வேலை என்று பெயர் வைத்திருக்கிறது.

அப்படிக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால்? 2011இல் ஸ்டான்போர்டு பேராசிரியர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். சேர்ந்தவர்கள் 1,60,000க்கு மேல். முடித்தவர்கள் சுமார் 23,000. மற்றவர்களை ஏன் வரவில்லை என்று எந்த வீடியோ கூப்பிட்டுக் கேட்டது? நம் கதையையே பாருங்கள். கொரோனாவுக்கு முன்பே, 2019இல், கல்வித் தொலைக்காட்சி வந்துவிட்டது. அது இருந்தும் 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று பாடம் சொல்லித்தரத் தெருவுக்குத் தெரு தன்னார்வலர்களை உட்காரவைக்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரு கணக்கு. 52இல் 38 போனால்? பையன் 26 என்று எழுதுகிறான். செயலி சிவப்பில் ‘தவறு’ காட்டி அடுத்த கணக்கைத் தள்ளுகிறது. டீச்சர் நோட்டைப் பார்க்கிறார். 2இல் 8 போகாது என்று 8இல் 2ஐக் கழித்திருக்கிறான், கடன் வாங்கத் தெரியவில்லை. நாளைக்கு இதையும் செயலி கண்டுபிடிக்கும் என்பார்கள். தாராளமாகக் கண்டுபிடிக்கட்டும். நேற்றுவரை சரியாகப் போட்டவன் இன்றைக்கு ஏன் தடுமாறுகிறான், காலையில் சாப்பிட்டானா என்று விசாரிக்க டீச்சருக்கு அந்த நேரம் மிச்சமாகும்.