வேலைக்கு முன்னே வெட்டி வேலை
(சென்னீர்குப்பத்தில் செய்த சொற்பொழிவு)



நான் பெரிய பிரசங்கி அல்ல. கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதும் தொழிலாளி. மாதச் சம்பளம் கிடையாது. யார் வேலை கொடுக்கிறார்களோ அவர்களுக்குச் செய்து கொடுத்து, அதற்குக் கூலி வாங்குகிறவன். ஆகையால் படித்ததைவிடப் பட்டதையே அதிகமாகச் சொல்லுகிறேன்.

ஒரு கம்பெனியார் ஆள் வேண்டுமென்று விளம்பரம் செய்தார்கள். விண்ணப்பம் போட்டேன். "உமது திறமையைப் பார்க்கவேண்டும், இந்த வேலையைச் செய்து காட்டும்" என்றார்கள். நாலு நாள் இராப்பகலாய் உட்கார்ந்து செய்து கொடுத்தேன். பிறகு மூன்று தடவை இண்டர்வியூ. "வெகு நேர்த்தி" என்றார்கள். அப்புறம் ஒரு மாதம் பேச்சுமூச்சில்லை. நானாகக் கேட்டதற்கு, "எங்கள் கம்பெனிக்கு நீர் பொருத்தமில்லை" என்று ஒரு வரி வந்தது. கலியாணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற சோசியனாவது, ரஜ்ஜு தட்டுகிறது என்று ஒரு பொய்க் காரணமாவது சொல்லுவான். இவர்கள் அதுகூடச் சொல்லவில்லை.

வீட்டில், "சனி பிடித்திருக்கிறது, திருநள்ளாறு போய்வா" என்கிறார்கள். சனிக்கும் கம்பெனி மானேஜருக்கும் என்ன உறவு? தலைவிதி என்று நாமே சொல்லிக்கொண்டால், கம்பெனிக்காரன் காரணம் சொல்லவேண்டிய அவசியம் எப்படி வரும்?

இதோ பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 முதல் இருக்கிறது. அங்கே ஒரு டர்னரை எடுப்பதானால், லேத்தில் ஒரு துண்டு கடைந்து காட்டச் சொல்லுவார்கள். "நாலு நாளைக்குச் சரக்குக் கடைந்து வைத்துவிட்டுப் போ" என்றால் அவன் சும்மா இருப்பானா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பதம் பார்க்கிறேன் என்று பானையையே காலி செய்வது என்ன நியாயம்?

கூலியில்லாமல் வாங்கும் வேலைக்கு நம் நாட்டில் "வெட்டி" என்று பெயர். சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே அந்த வார்த்தை இருக்கிறது. 1950-இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டம் 23-வது பிரிவில் கட்டாய உழைப்பைத் தடுத்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலையும் கட்டாய உழைப்பே என்று 1982-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. பரீட்சை வேலை அதில் சேருமா என்பது வக்கீல்கள் சங்கதி. நான் கேட்பது நியாயம்.

இந்தப் "பொருத்தம்" எப்படிப்பட்டது என்றும் பாருங்கள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இருவர் 2007-இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பத்திரிகையில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் யோக்கியதை ஒன்றாயும் பெயர் மட்டும் வேறாயும் இருந்தவற்றை ஒப்பிட்டார்கள். மேல்ஜாதிப் பெயருக்கு வந்த அளவு அழைப்பு, தாழ்த்தப்பட்டவர் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் வரவில்லை. எனக்கு நேர்ந்ததும் இதுதான் என்று நான் சொல்லவரவில்லை. காரணத்தை மறைக்க இடங்கொடுத்தால் எதையும் அதற்குள் மறைக்கலாம் என்கிறேன்.

சர்க்கார் உத்தியோகத்திலும் சிபார்சே பெரிதாயிருந்த காலமுண்டு. 1921-இல் நீதிக்கட்சி மந்திரிசபை வகுப்புவாரி உத்தரவு போட்டது. 1929-இல் சென்னை மாகாணத்திற்குச் சர்வீஸ் கமிஷன் வந்தது. மத்திய சர்க்கார், கெஜட் பதவியல்லாத பி பிரிவு, சி பிரிவு உத்தியோகங்களுக்கு 2016 ஜனவரி முதல் இண்டர்வியூவையே எடுத்துவிட்டது. சர்க்கார் வாசலில் வந்த ஒழுங்கு கம்பெனி வாசலில் மாத்திரம் ஏன் வரக்கூடாது?

நான் கேட்பது மூன்றே. ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட பரீட்சை வேலைக்குக் கூலி வேண்டும். பதினைந்து நாளைக்குள் காரணத்தோடு எழுத்தில் பதில் வேண்டும். முதலில் பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டு வேலையை மட்டும் பார்க்கவேண்டும்.

இதைத் தனியாகப் போய்க் கேட்டால், "உமக்குப் பதில் வேறு ஆள் இருக்கிறான்" என்பார்கள். தோழர்களே, அந்த வேறு ஆள் யார்? நம்மில் ஒருவன்தான். அவனும் நாமும் சேர்ந்து கேட்டால், அந்தப் பதிலுக்கு இடமில்லை.